கட்டி ஏன் கல்லாக இருக்கிறது? கொலாஜனும் புற்றுநோயும்

மார்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று டாக்டர் விரல்களால் அழுத்தித் தடவிப் பார்க்கும்போது அவர் கை தேடுவது முக்கியமாக ஒன்றை: சுற்றியிருக்கிற சதையைவிடக் கெட்டியாக, விளிம்பு ஒழுங்கில்லாமல், தள்ளினாலும் நகராமல் நிற்கிற ஓர் இடம். செல்கள் கண்டபடி பெருகிக் குவிந்ததால்தான் அப்படிக் கெட்டியாக இருக்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். புற்றுச்செல்லை மட்டும் தனியாகப் பிரித்து அளந்து பார்த்தால் பல சமயம் அது சாதாரணச் செல்லைவிட மெத்தென்றே இருக்கிறது. கட்டியைக் கெட்டியாக்குவது செல்களுக்கு வெளியே, அவற்றைச் சுற்றிப் பின்னிக்கிடக்கிற நார். அந்த நாரில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம்.

புற்றுநோய் என்றதும் 'கெட்டுப்போன செல்' என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். மருத்துவ உலகமும் நீண்ட காலம் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தது. பயாப்சி எடுத்துக் கண்ணாடியில் வைத்துச் சாயம் ஏற்றினால் செல்களின் கரு ஊதாவாகத் தெரியும், நடுவில் இளஞ்சிவப்பாக நார் தெரியும். ஊதாவைத்தான் உற்றுப் பார்ப்பார்கள், இளஞ்சிவப்பு சும்மா கிடக்கிற பின்னணி. நோய் வளர்வதிலும் பரவுவதிலும் அந்தப் பின்னணிக்கும் பெரிய பங்கு உண்டு என்பது கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெளிவானது. இதைப் பற்றித் தமிழில் எளிதாகப் படிக்க அதிகம் கிடைக்காததால் அடிப்படையிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நம் உடம்பில் இருக்கிற மொத்தப் புரதத்தில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொலாஜன்தான். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, ரத்தக்குழாய்ச் சுவர், ஈறு என்று எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது அது. ஆட்டுக்கால் சூப்பை ராத்திரி இறக்கி வைத்துவிட்டுக் காலையில் மூடியைத் திறந்தால் உறைந்துபோய்த் தளதளவென்று ஆடுமே, அது வெந்து அவிழ்ந்துபோன கொலாஜன். அவிழ்வதற்கு முன்னால் அது கயிறு மாதிரி, மூன்று புரிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறி இருக்கும். ஒவ்வொரு புரியிலும் ஏறத்தாழ 1000 அமினோ அமிலங்கள். அதில் மூன்றுக்கு ஒன்று கிளைசின், ஏனென்றால் முறுக்கின் உள்பக்கத்தில் அமினோ அமிலங்களிலேயே மிகச் சின்னதான கிளைசினைத் தவிர வேறு எதற்கும் இடம் கிடையாது. இந்த முப்புரி அமைப்பை 1954, 1955ஆம் ஆண்டுகளில் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வாலின் நாணை எக்ஸ்ரேயில் வைத்துப் படம் எடுத்து, கணக்குப் போட்டுப் போட்டுப் பிடித்தார்கள். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த பெரிய ஆய்வகங்கள் அதே காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வி அது. இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் கொலாஜன் பாடம் எடுத்தாலும் சென்னையைச் சொல்லாமல் தாண்ட முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

கொலாஜனில் 28 வகை கண்டுபிடித்திருக்கிறார்கள். நமக்கு இப்போது மூன்று போதும். முதல் வகை தடித்த, உறுதியான இழை. தோல், எலும்பு, நாண் எல்லாம் இதுதான். மூன்றாம் வகை அதைவிட மெல்லியது. ரத்தக்குழாய், குடல், ஆறத் தொடங்குகிற புண் ஆகிய இடங்களில் கிடைக்கும். நான்காம் வகை இழையாகவே ஓடாது, வலையாகப் பின்னி மெல்லிய விரிப்பாகிவிடும். நெய்கிற வேலையைப் பெரும்பாலும் செய்வது ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள். இந்த வேலைக்கு வைட்டமின் சி வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கு சரியாக நிற்காது. பழைய காலத்துக் கப்பல்காரர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கொட்டிய ஸ்கர்வி நோய் அதனால் வந்ததுதான். செல்லுக்கு வெளியே வந்த பிறகு லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி இழைக்கும் இழைக்கும் நடுவே குறுக்குக் கட்டுப் போடுகிறது. கட்டு கூடக்கூட நார் இறுகும். இந்த நொதி வேலை செய்யச் செம்பு வேண்டும். செம்பு என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். இங்கே மியன்மாரில் யாங்கோன் கடைகளில் தாய்லாந்து, கொரியா, ஜப்பான் என்று பல ஊர்க் கொலாஜன் பவுடர் அடுக்கியிருக்கிறதே, அதைக் குடித்தால் புற்றுநோய் வருமா, வந்த நோய் பரவுமா? குடிக்கிற கொலாஜன் வயிற்றிலும் குடலிலும் துண்டு துண்டாகி, அமினோ அமிலங்களாகவும் குட்டிப் பெப்டைடுகளாகவும்தான் ரத்தத்தில் சேர்கிறது, மீனும் கோழியும் தின்றால் எப்படியோ அப்படி. முழு இழையாக நேரே போய்க் கட்டியில் படிகிற வேலையெல்லாம் கிடையாது. கட்டியில் இருக்கிற கொலாஜன் அந்த இடத்திலேயே நெய்தது. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பவுடர் டப்பாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதை ஒரு மருந்து என்று நம்பவும் வேண்டாம். கீமோவோ வேறு சிகிச்சையோ நடக்கிறவர்கள் மட்டும் எந்தப் பவுடரானாலும் டப்பாவை டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, புற்றுநோய்க்கு வருவோம். வாய், மார்பகம், குடல், கர்ப்பப்பை வாய், நுரையீரல் என்று நாம் அடிக்கடி கேள்விப்படுகிற புற்றுநோய்களில் பெரும்பாலானவை மேல்படலச் செல்களில் தொடங்குபவை. உறுப்புகளின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கிற செல்வரிசை அது. அந்த வரிசைக்குக் கீழே அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய விரிப்பு இருக்கிறது, நான்காம் வகைக் கொலாஜன் வலையால் ஆனது. ரத்தக்குழாய்களும் நிணநீர்க்குழாய்களும் இந்தச் சவ்வுக்கு அந்தப் பக்கம்தான். மேலே இருக்கிற செல் எவ்வளவு கெட்டுப்போனாலும் சவ்வைத் தாண்டாத வரை அதனால் வேறு ஊருக்குக் குடிபோக முடியாது. பயாப்சி ரிப்போர்ட்டில் 'இன் சிட்டு' என்று போட்டிருந்தால் இதைத்தான் சொல்கிறார்கள், செல் புற்றாகிவிட்டது, ஆனால் சவ்வுக்குள்ளேயே இருக்கிறது. 'இன்வேசிவ்' என்று போட்டிருந்தால் சவ்வு உடைந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருக்கிற அந்த ஒரு வார்த்தையைப் பொறுத்து வைத்தியமே மாறும், குடும்பத்தில் யாருக்காவது ரிப்போர்ட் வந்தால் முதலில் அதைத் தேடிப் படியுங்கள், புரியாவிட்டால் டாக்டரிடம் அந்த வார்த்தையைக் காட்டியே கேளுங்கள்.

சவ்வை எப்படி உடைக்கிறது? கொலாஜனை வெட்டுகிற நொதிகள் நம் உடம்பில் எப்போதும் உண்டு. 1962இல் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாப்பியேர் என்ற இருவர், தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது என்று பார்க்கப்போய் இப்படி ஒரு நொதியை முதலில் கண்டார்கள். வாலில் இருக்கிற கொலாஜனை அது வெட்டித் தள்ள, வால் கரைந்து போகிறது. அப்புறம் இதே குடும்பத்தில் வரிசையாகப் பல நொதிகள் கிடைத்தன, எம்எம்பி என்று எண் போட்டு அழைக்கிறார்கள். எம்எம்பி 2, எம்எம்பி 9 இரண்டும் நான்காம் வகைக் கொலாஜனை வெட்டக்கூடியவை. பல புற்றுக்கட்டிகளில் இவை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. சில சமயம் புற்றுச்செல் தானே சுரக்கிறது, பல சமயம் பக்கத்தில் இருக்கிற நல்ல செல்களைத் தூண்டிச் சுரக்க வைக்கிறது.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் கொலாஜன் நல்ல பிள்ளை, புற்றுநோய் அதை அழித்துவிட்டுப் போகிறது என்று தோன்றும். அதே கட்டி ஒரு பக்கம் நான்காம் வகையை வெட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் முதல் வகையை மலைபோல் குவிக்கவும் செய்கிறது. இது ஏன் என்று புரிய, புண் ஆறுவது எப்படி என்று பார்க்க வேண்டும். காயம் பட்ட இடத்துக்கு ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஓடி வருகின்றன, கொலாஜனை நெய்கின்றன, காயத்தின் இரு விளிம்புகளையும் இழுத்துச் சேர்க்கின்றன, வேலை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. 1986இல் ஹெரால்டு டுவோராக் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் 'புற்றுக்கட்டி என்பது ஆறாத புண்' என்று எழுதினார். புற்றுச்செல்கள் டிஜிஎஃப் பீட்டா போன்ற சமிக்ஞைகளை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருக்கின்றன. வந்த ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்கு 'வேலை முடிந்தது, போ' என்ற உத்தரவு வருவதே இல்லை. அவை நெய்துகொண்டே இருக்கின்றன, குறுக்குக் கட்டு ஏறிக்கொண்டே இருக்கிறது. கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்தால் லைசில் ஆக்சிடேஸ் இன்னும் கூடும் என்பதையும் கண்டிருக்கிறார்கள். இப்படித்தான் கட்டி கெட்டியாகிறது.

கெட்டியானால் என்ன, கையில் தட்டுப்பட்டுச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாமே என்றால், கெட்டித்தன்மையே புற்றுச்செல்லுக்கு ஒரு செய்தி. செல்லின் மேல்தோலில் இன்டக்ரின் என்ற புரதங்கள் இருக்கின்றன, அவற்றால் செல் கொலாஜனைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். நார் நெகிழ்ந்து கொடுத்தால் செல் அமைதியாக இருக்கிறது; கொடுக்காமல் விறைத்து நின்றால் உள்ளே 'வளர், பிரி, நகர்' என்கிற பாதைகள் திறக்கின்றன. அமெரிக்காவில் வேலரி வீவர் என்பவரின் குழு 2005இல் இதை அழகாகக் காட்டியது. மார்பகச் செல்களை மெத்தென்ற ஜெல்லில் வளர்த்தால் அவை வட்டமாகச் சேர்ந்து, நடுவில் வெற்றிடம் விட்டு, மார்பகத்தில் எப்படி இருக்குமோ அப்படியே ஒழுங்காக அமைந்தன. அதே செல்களைக் கெட்டியான ஜெல்லில் வளர்த்தபோது ஒழுங்கு குலைந்து கண்டபடி பெருகின. செல்லும் மரபணுவும் அதேதான், கீழே இருந்த படுக்கை மட்டும் வேறு! 2009இல் அதே குழு எலிகளில் லைசில் ஆக்சிடேஸை அடக்கிப் பார்த்தது. நார் இறுகுவது குறைந்தது, கட்டி வருவதும் தள்ளிப்போனது.

மனிதர்களில் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு விஷயம் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படத்தில் தெரிகிற அடர்த்தி. சில பெண்களின் மார்பகத்தில் கொழுப்புக் குறைவாகவும் கொலாஜனும் சுரப்பித் திசுவும் அதிகமாகவும் இருக்கும், படத்தில் வெள்ளையாகத் தெரியும். மிக அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்கு மிகக் குறைந்த அடர்த்தி உள்ளவர்களைவிடப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4 முதல் 6 மடங்கு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, படத்தில்தான் தெரியும். அடர்த்தி என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அது நோய் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காதவர்கள் உண்டு.

நார் எவ்வளவு இருக்கிறது என்பதைப்போலவே எந்தப் பக்கம் பார்த்து ஓடுகிறது என்பதும் முக்கியம். லேசர் ஒளியைப் பாய்ச்சினால் கொலாஜன் இழை அந்த ஒளியின் அலைநீளத்தில் சரிபாதி உள்ள வேறு ஒளியைத் தானாகவே திருப்பி அனுப்பும், சாயமே வேண்டாம். இந்த உத்தியை வைத்து அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்பகக் கட்டிகளைப் பார்த்தார்கள். சாதாரணத் திசுவில் கொலாஜன் சுருள் சுருளாகத் தளர்ந்து கிடக்கிறது. கட்டி வளரும்போது இழைகள் நீட்டி விறைத்து, கட்டியின் விளிம்பை ஒட்டிச் சுற்றி ஓடுகின்றன. பரவத் தொடங்கும் கட்டியில் அதே இழைகள் திரும்பி, விளிம்புக்குச் செங்குத்தாக, கட்டியிலிருந்து வெளிப்பக்கமாக நேர்நேராக நிற்கின்றன, அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டே புற்றுச்செல்கள் வெளியேறி ஊர்ந்து போவதையும் பார்த்தார்கள். இதை 2006இல் விவரித்தார்கள். 2011இல் நோயாளிகளின் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, இப்படிச் செங்குத்து இழைகள் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் அதிகமாக இருந்தது. அந்த இழைகளைத் திருப்பி நிறுத்துவதும் புற்றுச்செல்லும் ஃபைப்ரோபிளாஸ்ட்டும் சேர்ந்து இழுக்கிற இழுவைதான்.

நோயெதிர்ப்புச் செல்களும் இதில் மாட்டிக்கொள்கின்றன. புற்றுச்செல்லைக் கொல்ல வருகிற டி செல்கள் கட்டியின் விளிம்பில் நெருக்கமாக அடுக்கிய கொலாஜனைத் தாண்ட முடியாமல் வெளியிலேயே நின்றுவிடுவதைப் பல கட்டிகளில் பார்க்கலாம். டிடிஆர் 1 என்ற கொலாஜன் ஏற்பி அந்த இழைகளை வரிசைப்படுத்தி இறுக்கமாக்குகிறது, அதைத் தடுத்தால் எலிகளில் டி செல்கள் உள்ளே நுழைகின்றன என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடுகிற இம்யூனோதெரபி சிகிச்சை சிலருக்குக் கேட்டு சிலருக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பேசப்படுகிறது. எலும்புக்குப் பரவிய நோயில் இன்னொரு கூத்து: எலும்பில் கொலாஜனோடு சேர்த்து டிஜிஎஃப் பீட்டாவும் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது, புற்றுச்செல் தூண்ட எலும்பு கரையும்போது அது வெளியே வந்து அதே புற்றுச்செல்லை மேலும் வளர்க்கிறது.

அப்படியானால் கொலாஜனை ஒழித்துவிட வேண்டியதுதானே, இல்லை வெட்டுகிற நொதியை நிறுத்த வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். இரண்டையும் செய்து பார்த்தாகிவிட்டது. 1990களில் எம்எம்பி நொதிகளைத் தடுக்கிற மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள் பெரிய ஆரவாரத்தோடு வந்தன. எலியில் நன்றாக வேலை செய்தவை மனிதர்களில் படுத்துவிட்டன, மூட்டு வலியும் தசை வலியும் வந்ததுதான் மிச்சம். ஏற்கெனவே நோய் பரவிவிட்டவர்களுக்குக் கொடுத்தார்கள், சவ்வை உடைத்து வெளியேறிய பிறகு உடைப்பதைத் தடுத்து என்ன பயன் என்பது ஒன்று. இந்த நொதிகளில் சில புற்றுநோய்க்கு எதிராகவும் வேலை செய்கின்றன, எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அடக்கக் கூடாது என்பது இன்னொன்று.

கணையப் புற்றுநோயின் கதை இதைவிடப் பாடமானது. கட்டியில் பெரும்பகுதி நார்தான், புற்றுச்செல்கள் அங்கங்கே தீவுத் தீவாக இருக்கும். நாரின் இறுக்கத்தில் ரத்தக்குழாய்கள் நசுங்கிக் கிடப்பதால் கீமோ மருந்து உள்ளே போவதே கஷ்டம். எனவே நாரைக் குறைத்தால் மருந்து போகும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2014இல் எலிகளில் நார் நெய்கிற செல்களை அழித்துப் பார்த்தபோது கட்டி சாந்தமாகவில்லை, இன்னும் மூர்க்கமாகி எலிகள் சீக்கிரம் செத்தன. 2021இல் அந்தச் செல்களை விட்டுவிட்டு அவை நெய்கிற முதல் வகைக் கொலாஜனை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள், அப்போதும் நோய் வேகமெடுத்தது. அதாவது அந்த நார் கட்டியை ஓரளவு கட்டிப்போட்டும் வைத்திருந்திருக்கிறது. அடுத்த ஆண்டு இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. முதல் வகைக் கொலாஜனில் வழக்கமாக மூன்று புரிகளில் இரண்டு ஒரு மாதிரி, மூன்றாவது வேறு. கணையப் புற்றுச்செல்கள் தாங்களே நெய்கிற கொலாஜனில் மூன்று புரியும் ஒரே மாதிரி, அந்த வகைதான் புற்றுச்செல் வளர உதவுகிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் நெய்கிற சாதாரணக் கொலாஜனும் புற்றுச்செல் நெய்கிற கொலாஜனும் ஒன்றல்ல என்றால், 'கொலாஜனைக் குறை' என்கிற மருந்து எதைக் குறைக்கப்போகிறது என்பதே கேள்வியாகிவிடுகிறது. லைசில் ஆக்சிடேஸ் குடும்பத்து நொதி ஒன்றைக் குறிவைத்த சிம்டூசுமாப் என்ற மருந்தும் கணையப் புற்றில் பயன் தரவில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற லோசார்டான் மாத்திரை நாரைக் கொஞ்சம் தளர்த்துகிறது என்று கண்டு, அதைக் கீமோவோடு சேர்த்து 49 பேருக்குக் கொடுத்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது, நம்பிக்கை தருகிற முடிவுதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கொலாஜனின் நல்ல முகத்துக்கு இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிகிச்சை முடிந்து பல வருடம் நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று நோய் திரும்புகிறதே, அதுவரை அந்தச் செல்கள் எங்கே இருந்தன? உடம்பில் ஏதோ ஒரு மூலையில் பிரியாமல் உறங்கிக்கொண்டிருக்கின்றன. உறங்குகிற செல்கள் தங்களைச் சுற்றி மூன்றாம் வகைக் கொலாஜனைத் தாங்களே சேர்த்து வைத்துக்கொள்கின்றன, அது இருக்கும் வரை உறக்கம் கலைவதில்லை, அது குலைந்தால் விழித்துப் பெருகுகின்றன என்று 2022இல் எலி ஆய்வுகளில் காட்டினார்கள். ஒரே கொலாஜனை நண்பன் என்றோ எதிரி என்றோ சொல்லிவிட முடியாது. எந்த வகை, யார் நெய்தது, எவ்வளவு இறுக்கம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நாலையும் கேட்டாக வேண்டும்.

இதையெல்லாம் நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும் என்று நினைக்க வேண்டாம். மியன்மாரில் இருக்கிற நமக்கு ஒரு கொலாஜன் நோய் வாயைத் திறந்தாலே தெரிகிறது. குன்யா, அதாவது வெற்றிலைபாக்கு, விற்கிற கடைக்காரர் வெற்றிலையை விரித்து, தகரக் குவளையில் கரைத்து வைத்த சுண்ணாம்பை ஓர் இழுப்பு இழுத்து, நறுக்கிய பாக்கை ஒரு கை அள்ளிப் போட்டு, கேட்கிறவர்களுக்குப் புகையிலையும் வாசனைச் சாமானும் வைத்து நாலு மடிப்பு மடித்துப் பிளாஸ்டிக் பையில் போடுவதை யாங்கோனில் நின்ற இடத்தில் இருந்து பார்க்கலாம். கல்யாணத்தில் தாம்பூலம் மாற்றுவது வேறு, காலையிலிருந்து ராத்திரி வரை கன்னத்தில் அடக்கிக்கொண்டே இருப்பது வேறு. என் சின்னம்மா அப்படித்தான் அடக்கிக்கொண்டிருந்தார். முதலில் காரம் பட்டால் வாய் எரிகிறது என்றார், வாய்ப்புண் என்று வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டார். அப்புறம் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்தது, விரலை வைத்துத் தடவினால் மேலிருந்து கீழாக இறுகிய நரம்பு ஓடுவதைப்போலத் தட்டுப்படும். பிறகு மொய்ங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிடக் கரண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நுழைக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பெயர் ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ், வாயின் உள்தோலுக்குக் கீழே நார் சேர்ந்து இறுகுகிற நோய். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கென்யாவில் இருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு முதலில் விவரித்தார். பாக்கு இங்கே மூன்று வேலை செய்கிறது. பாக்கில் உள்ள அரிகோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டிக் கொலாஜனை அதிகம் நெய்ய வைக்கிறது. பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான டானின் போன்ற பொருள்கள் அந்தக் கொலாஜனை நொதிகள் எளிதில் வெட்ட முடியாதபடி ஆக்குகின்றன. மூன்றாவது செம்பு, பாக்கில் அது நிறைய இருக்கிறது, மெல்லும்போது எச்சிலில் கரைந்து கன்னத்தில் ஊறுகிறது, லைசில் ஆக்சிடேஸ் சுறுசுறுப்பாகிக் குறுக்குக் கட்டு ஏறுகிறது. நெய்வது கூடி, வெட்டுவது குறைந்து, இறுக்கமும் ஏறினால் வாய் எப்படித் திறக்கும்? கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் உள்ள 66 பேரை 17 ஆண்டு காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வில் 7.6 சதவீதம் பேருக்கு வாய்ப்புற்று வந்தது. அது கொலாஜன் மட்டும் செய்த வேலை அல்ல. பாக்கிலிருந்து உண்டாகும் நைட்ரோசமின்கள் மேல்படலச் செல்லின் மரபணுவையும் நேராகக் கெடுக்கின்றன. கீழே நார் இறுகி ரத்த ஓட்டம் குறைய, மேலே படலம் மெலிந்து அந்த நஞ்சு எளிதில் இறங்குகிறது. 'நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்' என்று சொல்கிறவர்கள் நம்மில் அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வெறும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

குறுக்குக் கட்டு ஏறிய நார் பழக்கத்தை விட்டாலும் தானாகக் கரைவதில்லை. வாய்ப் பயிற்சி, கன்னத்தில் ஊசி, ரொம்ப முற்றினால் நாரை வெட்டிவிடும் ஆப்பரேஷன் என்று வைத்தியம் உண்டு, விட்டவர்களுக்குத்தான் அதுவும் நிற்கும். வீட்டில் பாக்குப் போடுகிறவர் இருந்தால் வாயை முழுக்கத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாக மூன்றும் நுழைய வேண்டும். இரண்டோடு நின்றால், இல்லை காரம் பட்டு எரிந்தால், வெள்ளையோ சிவப்போ படை தெரிந்தால், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வலிக்கவில்லையே என்று அவர் சொல்வார். வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.